ஒரு பெட்டி, இரண்டு வோல்ட்: மின்சிகரெட் பற்றரிப் பெட்டிக்கு எந்த இணைப்பு?

மின்சிகரெட்டுக்குத் தம் கையாலேயே பற்றரிப் பெட்டி செய்ய முனைகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வோல்ட் வேண்டும் என்பதையே. அதற்கு விடை எளிது. 3.7 வோல்டில் மெல்லிய ஆவியும் 5 வோல்டில் அடர்ந்த ஆவியும் கிடைக்கும்; ஓர் ஆளியைத் தட்டி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம் என்பதே இரட்டை வோல்டுப் பெட்டியின் முழுப் பயன். அந்த இரண்டு வோல்டையும் எந்த வழியால் எடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. வழிகள் ஐந்து இருக்கின்றன. மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஐந்தும் வேலை செய்யும். ஒரு பாகம் பழுதாகிற நாளில்தான் அவற்றுக்கிடையிலான வேறுபாடு தெரியவரும். இந்தப் பெட்டி வாயருகே பிடிக்கப்படுவது, சட்டைப்பையில் கிடப்பது என்பதால், ஐந்தையும் அந்தப் பழுதின் பக்கத்தில் நின்றே இங்கு எடைபோடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுக்கிறது. அதன் கீழ் 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தன. நிக்கொட்டின் அடிமையாக்கும் பொருள் என்பதும் எல்லோரும் அறிந்ததே. இங்கு பேசப்படுவது மின்னிணைப்பு மட்டும். ஆவி மட்டுமே குறிக்கோள் என்றால், தடையைத் தானே அளந்து, குறுஞ்சுற்றைக் கண்டால் தானே நிறுத்திக்கொள்கிற இலத்திரனியல் சில்லுள்ள ஆயத்தப் பெட்டி எந்தக் கைவேலையையும்விடப் பாதுகாப்பானது. தானே செய்ய விரும்புகிறவர் அந்தச் செய்கையின் விருப்பத்துக்காகச் செய்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

கணக்கில் தொடங்குவோம். வோல்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வாட் வரும். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் உறுப்பான பழைய வகை 510 அட்டமைசரின் (510 என்பது அது பெட்டியோடு திருகி இணைகிற இணைப்பியின் வகை) சுருள் பெரும்பாலும் 2 முதல் 3 ஓம் வரையானது, நடுவில் 2.4 ஓம் என்று வைத்துக்கொண்டால், 3.7 வோல்டில் 5.7 வாட், 5 வோல்டில் 10.4 வாட், 7.4 வோல்டில் 22.8 வாட். வோல்ட் இரு மடங்கானால் வாட் நான்கு மடங்காகிறது என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் இரண்டு மின்கலங்களைத் தொடராகப் போட்டுச் சுருளைக் கருக்குகிறார்கள். லித்தியம் அயன் கலத்தின் மேல் எழுதியிருக்கும் 3.7 என்பது வெறும் நடுப்பெறுமானம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அது 4.2, வேலை முடியும்போது 3 வோல்டுக்குச் சற்று மேல். ஆகவே தொடராக வைத்த இரண்டு புதிய கலங்கள் தருவது 8.4 வோல்ட், அதே சுருளில் அது 29 வாட், 3.5 அம்பியர். அரை ஓம் சுருள்களுக்கு இங்கே சொல்லப்படுகிற எந்த இணைப்பும் பொருந்தாது, ஏனெனில் 5 வோல்டில் அவை 10 அம்பியரை இழுக்கும்.

முதல் வழி, நடுமுனை எடுப்பது. இரண்டு கலங்களைத் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு கம்பியும் மேல் நுனியிலிருந்து மற்றொரு கம்பியும் எடுத்து, மூன்று காலுள்ள ஓர் ஆளிக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் 3.7 இல் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கீழ்க் கலம் மட்டுமே தேய்கிறது. ஒரு நாள் முழுவதும் அப்படிப் பாவித்த பின் கீழ்க் கலம் 3.3 வோல்டிலும் மேல் கலம் 4.1 வோல்டிலும் இருக்கும். மல்டிமீட்டரை இரு நுனிகளிலும் வைத்தால் அது 7.4 என்று காட்டும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த நிலையில் மேல் வோல்டுக்குத் தட்டினால், தளர்ந்த கலத்தைத் தளராத கலம் தள்ளிக்கொண்டு போய் வெறுமையாக்கும். இன்னும் தொடர்ந்தால் அதன் முனைகளையே புரட்டிவிடும். அப்படி ஆழமாக வடிந்த லித்தியம் அயன் கலத்தை மறுபடி சார்ஜ் செய்வதில்தான் ஆபத்து. இந்த வழியை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, இரண்டு கலங்களையும் சமாந்தரமாகவும் தொடராகவும் மாற்றுகிற ஆளி. கொஞ்சம் மின்னியல் படித்தவர்களுக்கு இதன்மேல் ஒரு மயக்கம் உண்டு, காரணம் புரியக்கூடியதே. மொடியூல் எதுவும் தேவையில்லை, வீணாகிற சக்தியும் ஏறத்தாழ இல்லை, இரண்டு கலங்களும் ஒரே அளவில் தேய்கின்றன. சாதாரண லித்தியம் அயனில் 3.7, 7.4 என்று வருவது சுருளுக்கு மிகையானது என்பதால், 3.2 வோல்ட் தரும் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களைப் போட்டு 3.2, 6.4 என்று எடுப்பார்கள். 2.4 ஓமில் அது 4.3 வாட், 17 வாட்.

இணைப்பு இப்படி அமையும். ஆறு காலுள்ள இரட்டைத் துருவ ஆளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் கலத்தின் மறை முனை நேரே வெளியீட்டின் மறைக்குப் போகிறது. இரண்டாம் கலத்தின் நேர் முனை நேரே வெளியீட்டின் நேருக்குப் போகிறது. எஞ்சுகிற இரண்டு முனைகள், அதாவது முதற் கலத்தின் நேரும் இரண்டாம் கலத்தின் மறையும், ஆளியின் நடுக்கால்கள் இரண்டுக்கும் வருகின்றன. ஆளியை ஒரு பக்கம் தள்ளினால் முதற் கலத்தின் நேர் வெளியீட்டு நேரையும் இரண்டாம் கலத்தின் மறை வெளியீட்டு மறையையும் தொடும், கலங்கள் சமாந்தரமாகின்றன. மறுபக்கக் கால்கள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் பிணைத்துவிட்டால், அந்தப் பக்கம் தள்ளும்போது இரண்டு நடுக்கால்களும் ஒன்றோடொன்று சேர்ந்து கலங்கள் தொடராகின்றன.

தாளில் வரைந்தால் அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு கம்பியைக் கவனியுங்கள். முதல் துருவத்தின் அலகு ஒரு காலை விடுவதற்கு முன் மற்றக் காலைத் தொட்டு, அதே நேரத்தில் இரண்டாம் துருவம் தொடர்ப் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தால், இரண்டாம் கலத்தின் நேரும் மறையும் அந்தக் கம்பியின் வழியாக நேருக்கு நேர் சந்திக்கின்றன. அங்கே சுருளும் இல்லை, தடையியும் இல்லை. கலத்தின் உட்தடை ஒன்றைத் தவிர மின்னோட்டத்தை மறிக்க எதுவுமில்லை. முதலில் விட்டுப் பின்னர் தொடுகிற நல்ல ஆளியில் இது நடக்காதென்பது உண்மை. நடக்காமலிருப்பது அந்த ஆளியின் உள்ளே இருக்கும் மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறுத்தது என்பதும் உண்மை. 3 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டினால் தொடுகையில் பொறி பறக்கும். பொறி பறந்த இடத்தில் உலோகம் உருகிப் பிசிறு நிற்கும். வெள்ளவத்தை போன்ற கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்று அதன்மேல் படியும். வாங்கிய நாளில் நல்லதாக இருந்த ஆளி நாள்பட அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கலங்களைக் கழற்றிச் சார்ஜ் செய்து திரும்பப் போடும்போது ஒன்று மற்றதைவிட அரை வோல்ட் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். சமாந்தர நிலையில் அவை சந்தித்த கணமே உயர்ந்த கலம் தாழ்ந்த கலத்துக்குள் பாயும். இரண்டின் உட்தடையும் தொடுகைகளின் தடையும் கூடிப் பத்தில் ஒரு ஓம் என்றால் அந்தப் பாய்ச்சல் 5 அம்பியர். எவரும் பொத்தானை அழுத்தாமலே, பெட்டி மூடியிருக்கும்போதே இது நடக்கும். ஒவ்வொரு கலத்துக்கும் தனி உருகி போட்டால் இந்த இரண்டு ஆபத்துகளும் குறையும். ஆனால் அதைச் செய்கிற அளவுக்குக் கவனமுள்ளவர் இந்த வழியையே விட்டுவிடுவார் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி, இரண்டு கலங்களை நிரந்தரமாகத் தொடரில் வைத்து, முன்னே ஒரு ரெகுலேட்டரை, அதாவது மிகுதி வோல்டைச் சூடாக எரித்துவிடுகிற சில்லை, போட்டு வோல்டைக் குறைப்பது. எல்எம்317 என்றால் தொழினுட்பக் கல்லூரி மாணவர் எவருக்கும் தெரியும். ஆனால் அது 1.5 அம்பியருக்கானது, நமக்கு 5 வோல்டில் 2.1 அம்பியர் வேண்டும். ஆகவே அதே குடும்பத்தின் 3 அம்பியர் உறுப்பினரான எல்எம்350 ஐ எடுக்க வேண்டும். கணக்கு இரண்டுக்கும் ஒன்றே: வெளியீட்டுக்கும் சரிசெய் காலுக்கும் இடையில் 240 ஓம், சரிசெய் காலிலிருந்து மறைக்கு 470 ஓம் போட்டால் வெளியீடு 3.7 வோல்ட். அந்த 470 இன் கீழே இன்னொரு 240 ஓம் சேர்த்தால் 4.95 வோல்ட். அந்த இரண்டாம் 240 இன் இரு நுனிகளையும் குறுக்கே இணைத்து அதை விலக்கிவிடுகிற ஒரு சிறு ஆளி போதும், இரட்டை வோல்ட் கிடைத்துவிடும்.

இந்தச் சிறு ஆளி இருக்கும் இடத்தில்தான் நல்ல வடிவமைப்பின் குணம் தெரிகிறது. அதன் வழியாக ஓடுவது சில மில்லிஅம்பியர். பொறி பறக்க வாய்ப்பில்லை. அது துருப்பிடித்துத் தொடாமல் போனால் பெட்டி 4.95 வோல்டிலேயே நிற்கும், அதற்கு மேல் போகாது. தடையிகளுக்குப் பதிலாகத் திருகுகிற வகை மாறுந்தடையியைப் போட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் அலகு தூக்கிக்கொண்டால் ரெகுலேட்டர் தன்னால் இயன்ற முழு வோல்டையும் சுருளுக்குத் தள்ளிவிடும்.

ஆனால் சூடு. 3.7 வோல்ட் நிலையில் ரெகுலேட்டரின் மேல் விழுவதும் 3.7 வோல்டே, சுருளுக்குப் போகிற 5.7 வாட் அளவுக்கே ரெகுலேட்டரும் வாங்கிக்கொள்கிறது. கலங்கள் புதிதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது அது 7 வாட்டுக்கு மேல், அதாவது சுருளைவிட ரெகுலேட்டர்தான் அதிகம் சுடுகிறது. ஒரு தடவை இழுப்பது சில விநாடிகளே என்பதால் பெட்டி தாக்குப்பிடிக்கும். ஆனால் பகலில் 30 பாகை தாண்டுகிற கொழும்பில், உள்ளங்கையில் மூடிப் பிடித்த பெட்டிக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? சூட்டை வெளியேற்ற வைக்கிற உலோகத் தகடான ஹீட் சிங், கலத்தோடு ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இடமில்லையாம். கலத்தைச் சூடாக்குவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. இன்னும் ஒன்று: இந்த ரெகுலேட்டரின் உலோக முதுகு வெளியீட்டு நேரோடு இணைந்தது. 510 இணைப்பியின் வெளிவளையம் வழியாக மறையோடு சேர்ந்திருக்கிற அலுமினியப் பெட்டியில் அதை நேரே திருகினால் குறுஞ்சுற்றுத்தான். இடையில் மைக்காத் தகடும் திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையமும் கட்டாயம் வேண்டும்.

நான்காவது வழி பக் மொடியூல். இதுவும் இரண்டு கலங்களைத் தொடரில் வைத்து வோல்டைக் குறைப்பதே, ஆனால் எரித்துக் குறைக்காமல், விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடிக் குறைக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எளிதில் அகப்படுகிற எல்எம்2596 பலகை இவ்வகை. 3 அம்பியர், 150 கிலோஹேர்ட்ஸ். இதே வேலைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பெட்டி செய்தவர்கள் பிடிஎச்08080டபிள்யூ என்கிற 2.25 அம்பியர் மொடியூலை விரும்பிப் பாவித்தார்கள்; பின்னர் பெரிய சுருள்கள் வந்ததும் 10 அம்பியர் தருகிற ஓகேஆர்-டி/10 க்கு மாறினார்கள்.

எல்எம்2596 இல் பலகையோடு வருகிற மாறுந்தடையியைக் கழற்றிவிட்டு நிலைத்தடையிகளைப் போடுவது நல்லது. கீழே 1 கிலோஓமும் மேலே 2 கிலோஓமும் இருந்தால் 3.69 வோல்ட், மேலே இன்னொரு 1 கிலோஓமைத் தொடராகச் சேர்த்தால் 4.92. முன் சொன்னதுபோலவே சேர்த்த தடையியை ஒரு சிறு ஆளி விலக்கிவிடும். பலகையில் முன்பே உள்ள கீழ்த் தடையி வேறு பெறுமானமாக இருக்கலாம் என்பதால் அதையும் மாற்றிவிட வேண்டும். சில்லின் ஐந்தாவது காலைப் பலர் கவனிப்பதில்லை. பலகையில் அது மறையோடு ஒட்டப்பட்டிருக்கும். அதனால் மொடியூல் எப்போதும் இயங்கும். அந்தக் காலைத் தூக்கி, ஒரு தடையி வழியாக உள்ளீட்டு நேருக்குக் கட்டினால் மொடியூல் உறங்கும். பொத்தான் அதை மறைக்கு இழுக்கும்போது மட்டும் விழிக்கும். பெரும் மின்னோட்டம் பொத்தானின் வழியாக ஓடவே ஓடாது. 50 மில்லிஅம்பியர் மட்டுமே தாங்குகிற மலிவான சிறு பொத்தான் கூடப் போதும். பொத்தானுக்குப் போகிற கம்பி அறுந்தால் மொடியூல் உறக்கத்திலேயே இருக்கும். அறுந்த கம்பி அணைந்த நிலைக்கே கொண்டுபோவது எனக்கு மிகவும் பிடித்த குணம்.

வினைத்திறன் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் இருப்பதால், சுருளில் 10 வாட் எடுக்கும்போது கலங்களிலிருந்து ஓடுவது 2 அம்பியருக்குக் குறைவே. இவ்வளவும் இதற்குச் சாதகம். பாதகம் இரண்டு. முதலாவது, சில்லின் உள்ளே இருக்கும் திரான்சிஸ்டர் பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், அப்போது 8.4 வோல்ட் முழுவதும் சுருளில் விழும். ஓடுவது 3.5 அம்பியர்தான் என்பதால் 3 அம்பியர் உருகி அதைப் பழுதென்று அறிந்து உடனே அறுந்துவிடாது. பொத்தானை விட்டாலும் பயனில்லை. சுருள் எரிந்து அறுகிற வரைக்கும் 29 வாட் ஓடும். ஆகவே கலங்களை முழுதாகத் துண்டிக்கிற ஒரு பெரிய முதன்மை ஆளியும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது, சார்ஜ். தொடரில் உள்ள இரண்டு கலங்களைச் சமப்படுத்தும் பலகை இல்லாமல் பெட்டிக்குள்ளேயே சார்ஜ் செய்யக்கூடாது. ஒற்றைக் கலத்தை யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்கிற டிபி4056 பலகைகள் இரண்டை வாங்கி, ஒவ்வொரு கலத்துக்கும் ஒன்றாகக் கட்டி, இரண்டுக்கும் ஒரே யூஎஸ்பி கம்பியைக் கொடுக்கலாம் என்று தோன்றும். இரண்டு பலகைகளின் மறைகளும் அந்தக் கம்பி வழியாக ஒன்றாகும்போது கீழ்க் கலம் குறுஞ்சுற்றாகிவிடும். கலங்களைக் கழற்றி வெளிச் சார்ஜரில் போடுவதே முறை.

ஐந்தாவது வழி ஒரே கலமும் பூஸ்ட் மொடியூலும். கீழ் வோல்டுக்குக் கலம் நேராக வேலை செய்கிறது; மேல் வோல்டுக்கு மொடியூல் 5 க்கு உயர்த்துகிறது. சமநிலைச் சிக்கல் இல்லை, ஏனெனில் சமப்படுத்த இன்னொரு கலமே இல்லை. ஒரு டிபி4056 ஐப் போட்டுக் கைபேசிச் சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளலாம். பழுதைப் பார்த்தால், பூஸ்ட் சில்லு வெறுமனே இயங்காமல் போனால் கலத்தின் வோல்ட், டயோட்டில் சிறிது குறைந்து, அப்படியே சுருளுக்குப் போகும், 4.2 ஐத் தாண்டாது. சில்லின் திரான்சிஸ்டர் ஒட்டிக்கொண்டால் கலம் மொடியூலின் சுருள் வழியாகக் குறுஞ்சுற்றாகும். ஓடுவது பத்துப் பத்தாக அம்பியர் என்பதால் 5 அம்பியர் உருகி அதை உடனே அடையாளம் கண்டு அறுந்துவிடும். பக் வழியில் உருகி கண்டுபிடிக்க முடியாத பழுதை இங்கே உருகி கண்டுபிடிக்கிறது. எஞ்சியிருப்பது, வெளியீட்டு வோல்டை நிர்ணயிக்கிற பின்னூட்டத் தடையி அறுந்து வோல்ட் எகிறுகிற பழுது; அது எல்லா மொடியூலுக்கும் பொது, நன்றாகப் பற்றவைத்த நிலைத்தடையியே அதற்குக் காவல்.

பூஸ்டின் வெளியீட்டைக் கலத்திலிருந்து எதுவும் முழுதாகப் பிரிப்பதில்லை என்பதையே நன்மையாகத் திருப்பிக்கொள்ளலாம். சில்லின் இயக்கு காலைத் தனியே எடுக்க முடிகிற மொடியூலில், அந்தக் காலை ஒரு சிறு ஆளியால் அணைத்தால் கலம் தன் வோல்டில் ஏறத்தாழ 0.35 ஐ டயோட்டில் இழந்து வெளியீட்டுக்கு வரும். அதாவது 3.7 என்பது 3.35 ஆகும், சுருளில் 4.7 வாட். அந்த இழப்பு பொறுக்கக்கூடியதென்றால் பெரும் மின்னோட்டத்தை மாற்றுகிற ஆளியே பெட்டியில் வேண்டியதில்லை. சுருளின் மறைப் பக்கத்தில் ஐஆர்எல்இசட்44என் போன்ற, தாழ்ந்த வோல்டிலேயே திறக்கிற ஒரு மொஸ்பெட்டும் (மின்னால் திறந்து மூடுகிற ஆளி), அதன் கட்டுப்பாட்டுக் காலான கேற்றிலிருந்து மறைக்கு 10 கிலோஓம் தடையியும், கேற்றை நேருக்கு இழுக்கும் சிறு பொத்தானும் போதும். பெயரில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு என்று ஐஆர்எஃப் வகையை வாங்கினால் அது கலத்தின் வோல்டில் அரைகுறையாகத் திறந்து தானே சுடும். மொஸ்பெட் ஒட்டிக்கொண்டால் சுருள் தானாகச் சூடேறிக்கொண்டேயிருக்கும் என்பதால் இங்கும் முதன்மை ஆளி வேண்டும். மறை வெளிவளையம் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் பெட்டியை எடுப்பதும் அதே காரணத்துக்காகவே.

இதன் பாதகம் மின்னோட்டம். 5 வோல்டில் 10.4 வாட் கொடுக்க, 85 சதவீத வினைத்திறனில், 3.5 வோல்டில் நிற்கிற கலத்திலிருந்து 3.5 அம்பியர் இழுக்க வேண்டும்; கலம் தளரத் தளர இது ஏறும். டிபி4056 பலகையோடு சேர்ந்து வருகிற சாதாரணப் பாதுகாப்புச் சில்லு 3 அம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும், பெட்டி இழுக்கும்போதெல்லாம் அணையும். ஆகவே சார்ஜுக்கு அந்தப் பலகையும் பாதுகாப்புக்கு அதிக அம்பியர் தாங்குகிற தனிப் பலகையும் வேண்டும். மொடியூல் வாங்குவதிலும் அவதானம் தேவை. கடையில் எக்ஸ்எல்6009 பலகையைக் காட்டி, "தம்பி, இது மூண்டு வோல்டிலயே வேலை செய்யும்" என்பார்கள். "நானா, டேட்டாஷீட்டில அஞ்சு வோல்டிலிருந்து எண்டுதானே போட்டிருக்கு" என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறொன்றைத் தேடுவார்கள். ஒற்றைக் கலத்தில் வேலை செய்ய உள்ளீடு 3 வோல்ட் வரைக்கும் இறங்க வேண்டும். பழைய பெட்டிகளில் பாவிக்கப்பட்ட பிடிஎன்04050சி 2.95 வோல்டிலிருந்து இயங்கி 12 வாட் வரை தந்தது. வாங்கும் பலகை அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் கலம் பெரும்பாலும் ஒரே அளவுதான், அதில் ஏமாறுவதும் எளிது. 18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த உருளைக்குள் அடைக்கக்கூடிய கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லிஅம்பியர் மணி அளவே. 9900 என்று எழுதியிருப்பதைக் கையில் எடுக்காமலே பொய் என்று சொல்லலாம். நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும். நகை நிறுக்கிற சிறு தராசு ஒன்று இங்கே மல்டிமீட்டருக்குச் சமம். பழைய மடிக்கணினிப் பற்றரிகளிலிருந்து உடைத்தெடுத்த கலங்கள் ரெகுலேட்டர் வழிக்கும் பக் வழிக்கும் அளந்து பார்த்த பின் போதுமானவையாக இருக்கலாம். பூஸ்ட் வழிக்கு 10 அம்பியர் தாங்குகிற புதிய கலமே வேண்டும். கலத்தின் மேலுறையையும் பாருங்கள். நேர் முனையைச் சுற்றியுள்ள விளிம்பு நேர் அல்ல, மறை. கலத்தின் உடல் முழுவதும் மறையே, மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு வெள்ளை வளையமும்தான் இரண்டையும் பிரிக்கின்றன. அந்த இடத்தில் உறை ஒரு நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும், உலோகத் தொடுகை சற்றுச் சரிந்தால் கலம் தன்னோடு தானே குறுஞ்சுற்றாகும். உறை மாற்றுவதற்கான சுருங்குகுழாய் மலிவு. பெட்டிக்கு அடியில் சில துளைகளும் விடுங்கள்; கலம் சூடேறி வாயுவை வெளிவிட நேர்ந்தால் அடைத்த பெட்டி அதை வெடியாக்கிவிடும்.

இனித் தெரிவு. நடுமுனையையும் தொடர்-சமாந்தர ஆளியையும் நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்; முதலாவது கலத்தை மறைவாகக் கெடுக்கிறது, இரண்டாவது ஓர் ஆளியின் நேர்மையை நம்பி உயிரை வைக்கிறது. ரெகுலேட்டர் வழி கற்பதற்கு நல்லது. மேசைமேல் வைத்துத் தடையிகளை மாற்றிப் பார்க்கவும் வோல்டை அளக்கவும் அதைப்போல் உதவுவது வேறில்லை. கையில் பிடிக்கிற பெட்டிக்குச் சூடு அதைத் தோற்கடிக்கிறது. எஞ்சிய இரண்டில், நாள் முழுவதும் 5 வோல்டிலேயே இழுக்கிறவருக்கும் வெளிச் சார்ஜர் வைத்திருப்பவருக்கும் பக் பொருந்தும். ஐந்தாவது காலில் பொத்தான் வைக்கிற வசதிக்காகவே அதைத் தேர்ந்தாலும் தவறில்லை. பெரும்பாலும் கீழ் வோல்டில் இழுத்து இடைக்கிடை மட்டும் மேலே தட்டுகிறவருக்கு ஒற்றைக் கலமும் பூஸ்டும் போதும். என்னிடம் கேட்டால் நான் இதையே சொல்வேன், கலம் சீக்கிரம் வடியும் என்பதை அறிந்தே சொல்வேன்: அடிக்கடி சார்ஜ் செய்வது அலுப்பு மட்டுமே, உருகிக்குத் தெரியாத பழுது அலுப்பல்ல.

உருகியைப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம். கத்தி வடிவ 5 அம்பியர் உருகியும் அதன் கூடும் மலிவு. அதைக் கலத்தின் நேர் முனைக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள், ஏனெனில் உருகிக்கும் கலத்துக்கும் இடையில் உள்ள கம்பியைக் காப்பதற்கு எதுவுமில்லை. கம்பி 0.75 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, சிலிக்கோன் உறையுள்ளது நன்று. சுருள்வில் வைத்த மலிவான கலத்தாங்கிகளைத் தவிருங்கள். அந்த மெல்லிய வில் 3 அம்பியரில் சுட்டு, தன் இறுக்கத்தை இழந்து, தடையைக் கூட்டிக்கொண்டே போகும். தகட்டு வில் உள்ள தாங்கி சற்று விலை கூடினாலும் அதுவே வேண்டும்.

அட்டமைசரைப் பொருத்துவதற்கு முன் 2.2 ஓம், 10 வாட் வெள்ளைச் சீமெந்துத் தடையி ஒன்றை வெளியீட்டில் கட்டி, இரண்டு நிலைகளிலும் ஐந்து விநாடி அழுத்தி, அழுத்தியிருக்கும்போதே வோல்டை அளக்க வேண்டும். சுமை இல்லாமல் 5 காட்டுகிற பெட்டி சுமையில் 4.7 க்குக் கீழே இறங்கினால் உடனே மொடியூலைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கலத்தின் நேரிலும் மற்றதைத் தாங்கியின் தகட்டிலும் வைத்து மறுபடி அழுத்திப் பாருங்கள். அங்கே ஒரு வோல்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டினால் பழுது தொடுகையில் இருக்கிறது. அடுத்ததாக உருகிக் கூட்டின் இரு பக்கமும், பின்னர் முதன்மை ஆளியின் இரு பக்கமும் அதேபோல அளந்துகொண்டு போனால், தொலைந்த வோல்ட் எந்த இடத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.